மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குப் பயிற்சி எங்கே: பெங்களூரா, மாவட்ட மருத்துவமனையா, வீடா?

குழந்தைக்கு மூளை முடக்குவாதம் என்று மருத்துவர் சொன்ன அன்றே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, "பெங்களூருக்குக் கொண்டுபோகலாமா?" என்பதுதான். ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து 90, தருமபுரியிலிருந்து 130. கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் நம் ஊர்க்காரர்கள் ஆண்டு முழுவதும் போய்வரும் நகரம் என்பதால், பெரிய நோய் என்றாலே கால்கள் அந்தத் திசையில் போகின்றன. அப்படிப் போவதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எதற்காகப் போகிறோம் என்று பிரித்துப் பார்க்காமல் போகும் குடும்பங்கள் ஓராண்டுக்குள் பணமும் மனமும் தளர்ந்து, பயிற்சியையே அடியோடு நிறுத்திவிடும் நிலைக்கு வருகின்றன. குழந்தைக்கு என்ன பாதிப்பு, அது ஏன் வந்தது, அதனுடன் வேறென்ன சேர்ந்திருக்கிறது என்று கண்டறிவது ஒரு வேலை. அந்தக் குழந்தையை உட்காரவும், கை நீட்டவும், மென்று விழுங்கவும், தன் விருப்பத்தைத் தெரிவிக்கவும் பழக்குவது முற்றிலும் வேறொரு வேலை. இரண்டையும் ஒரே இடத்தில் தேடுவதால்தான் தேர்வு கடினமாகிறது.

வளரும் மூளைக்குக் கருவிலோ, பிரசவத்தின்போதோ, பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளோ ஏற்பட்ட சேதத்தால் அசைவும் உடல் நிலைப்பாடும் பாதிக்கப்படுவதே மூளை முடக்குவாதம். குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் ஏற்படும் மூச்சுத்திணறல், அளவுமீறிய மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை இதற்கான காரணங்களுள் அடங்கும். மூளையில் ஏற்பட்ட சேதம் பிறகு பெருகுவதில்லை. அதன் விளைவுகள் மட்டும் வளர்ச்சியோடு மாறிக்கொண்டே போகின்றன. எலும்பு நீளும் வேகத்துக்கு விறைத்த தசை ஈடுகொடுக்க முடியாததால் கணுக்காலும் முழங்காலும் இறுகுகின்றன, இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது, முதுகு வளைகிறது. இந்தக் குழந்தைகள் எல்லோருக்கும் அறிவு வளர்ச்சி குன்றியிருக்கும் என்று ஊரில் நினைப்பது தவறு. வாய்த் தசைகள் ஒத்துழைக்காததால் பேச இயலாத குழந்தை, கேட்பதை முழுவதும் புரிந்துகொள்ளும் குழந்தையாகவே இருக்கக்கூடும். இப்பாதிப்பை முழுவதும் நீக்கும் மருந்தோ அறுவைச் சிகிச்சையோ இன்று இல்லை. குழந்தையின் திறனை இயன்ற உயரத்துக்குக் கொண்டுசெல்லும் பயிற்சி இருக்கிறது, அதற்குக் காலமும் இருக்கிறது. உடல் அசைவுத் திறனில் இக்குழந்தைகள் எட்டக்கூடியதில் பெரும்பகுதியை ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள்; பாதிப்பு கடுமையாக இருந்தால் அந்தக் காலம் இன்னும் குறுகியது.

ஆகவே முடிவெடுக்கும்போது முதலில் எண்ண வேண்டியது மாதங்களை. 4 மாதம் முடிந்தும் தலை நிற்காதது, 9 மாதத்தில் பிடிமானமின்றி உட்காராதது, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டுமே பயன்படுத்துவது, 18 மாதத்தில் நடக்காதது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். "இவங்க அப்பனும் லேட்டாத்தான் நடந்தான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதலில் அன்பு இருக்கிறது. ஆனால் அந்த ஆறுதலில் கழியும் ஓராண்டு, மூளை மிக எளிதாகப் புதியதைக் கற்கும் ஆண்டு. நோயின் பெயர் உறுதியாகும்வரை பயிற்சிக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஐயம் எழுந்த நாளிலிருந்தே தொடங்கலாம், பிறகு பாதிப்பு இல்லையென்று தெரியவந்தால் நட்டம் ஏதுமில்லை.

பெரிய மருத்துவமனைகளால் மட்டுமே செய்யக்கூடியவை சில உண்டு. பெங்களூரில் ஓசூர் சாலையிலேயே இருக்கும் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ், 1974இல் இன்றைய வடிவம் பெற்று 2012இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. குழந்தைகளுக்கென்றே இயங்கும் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் அதே நகரில் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே உள்ளவர்களுக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை எளிதாக இருக்கலாம். குழந்தை வளர்ச்சிக்கென்றே அங்கு தனித் துறை உள்ளது. எம்.ஆர்.ஐ. படத்தைத் தேர்ந்த கண்ணால் படிப்பது, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் வலிப்பின் வகையைப் பிரித்தறிவது, வளர்சிதை மாற்றக் கோளாறுகளையும் மரபணுக் கோளாறுகளையும் சோதிப்பது ஆகியவற்றுக்கு இத்தகைய இடங்களுக்கே போகவேண்டும்.

எந்தக் குழந்தை கட்டாயம் போகவேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓராண்டுக்குட்பட்ட குழந்தை, தூங்கி எழும் வேளைகளில் தலையைக் குனிந்து கைகளை விரித்துத் திடுக்கிடுவதுபோல் அடுத்தடுத்துப் பலமுறை செய்தால், அது வயிற்று வலியோ 'தூக்கிப்போடும்' சாதாரண அதிர்ச்சியோ என்று விட்டுவிடக் கூடாது. குழந்தைப் பருவத்தின் அந்த வலிப்பு வகைக்குச் சில நாட்களுக்குள் மருத்துவம் தொடங்க வேண்டும். தாமதம் அறிவு வளர்ச்சியையே பாதிக்கும். செல்பேசியில் அதைப் படம்பிடித்துக் காட்டினால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. கற்றுக்கொண்டதை மறந்துகொண்டே வரும் குழந்தை, அதாவது முன்பு உட்கார்ந்து இப்போது உட்கார முடியாத குழந்தை, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையாக இல்லாமலும் இருக்கலாம். பிரசவம் எந்தச் சிக்கலுமின்றி நடந்து, பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள் என்ற உறவில் மணந்தவர்களாக இருந்து, மூத்த குழந்தைக்கும் இதே போன்ற நிலை இருந்திருந்தால், மரபுவழிக் கோளாறு உண்டா என்று பார்த்தே ஆகவேண்டும். சொந்தத்தில் மணம் முடிப்பது நம் பகுதியில் பரவலாக இருப்பதால் இது அரிதாக எழும் கேள்வி அன்று. அடுத்த பிள்ளையைப் பற்றிய முடிவும் இதைச் சார்ந்திருக்கிறது. இந்தக் குடும்பங்கள் கடன் வாங்கியாவது ஒருமுறை பெரிய மருத்துவமனைக்குப் போய் முழுமையாகப் பார்த்துவிட்டு வருவதே சரி.

பயிற்சிக்காக மாதந்தோறும் பெங்களூர் போவது அப்படிப்பட்டதல்ல. பாலக்கோட்டிலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ விடியுமுன் புறப்படும் தாய், விறைத்த குழந்தையை மடியில் கிடத்தி மணிக்கணக்கில் பேருந்தில் உட்கார்ந்து, வரிசையில் நின்று, பயிற்சியாளர் முன் குழந்தையை வைக்கும்போது, அது பசியிலும் களைப்பிலும் அழுதுகொண்டிருக்கும். அன்று நடப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சி. அதற்கு விலை ஒரு நாள் முழுவதும், இருவரின் கூலியும். கிருஷ்ணகிரி நகரத்தில் ரயில் நிலையம் இல்லை. தருமபுரியிலும் ஓசூரிலும் ரயில் உண்டு என்றாலும் நிலையத்துக்கு வந்து சேர்வதே கிராமத்தாருக்குத் தனிப் பயணம். பேச்சுப் பயிற்சியில் மொழியும் குறுக்கே வருகிறது. வீட்டில் தமிழ் கேட்டு வளரும் குழந்தைக்குக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சொல் பழக்குவது வீண். தேன்கனிக்கோட்டை, தளிப் பகுதிகளில் வீட்டு மொழி தெலுங்கோ கன்னடமோ ஆக இருக்கும் குடும்பங்களுக்கு, இந்த ஒரு விஷயத்தில் மட்டும், பெங்களூரே பொருத்தமாக அமையலாம்.

மாவட்டத் தலைநகரில் கிடைப்பதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், பிறவிக் குறைபாடு, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் தேடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகின்றன. அவை கண்டறியும் குழந்தைகளுக்காக மாவட்ட அளவில் இயங்குவதுதான் தொடக்கநிலை இடையீட்டு மையம், டி.இ.ஐ.சி. என்று மருத்துவமனையில் கேட்டால் வழிகாட்டுவார்கள். முதன்மையாக ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கானது. குழந்தை மருத்துவர், இயன்முறைப் பயிற்சியாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோர் ஒரே கூரையின்கீழ்க் கட்டணமின்றிப் பார்க்க வேண்டும் என்பதே இம்மையத்தின் அமைப்பு. தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. கிருஷ்ணகிரியின் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. வலிப்பு மாத்திரையின் அளவைச் சரிபார்க்கவும், சளி நெஞ்சில் கட்டும்போது சேர்க்கவும், மாற்றுத்திறனாளிச் சான்று பெறவும் எப்படியும் வரவேண்டிய இடங்கள் இவை. கூட்டம் மிகுந்த நாளில் குழந்தைக்குக் கிடைக்கும் நேரம் சுருங்குவது இவ்வகை மையங்களின் பொதுவான குறை. அந்தச் சுருங்கிய நேரத்தை, பயிற்சியாளர் குழந்தையிடம் செய்வதற்குப் பதிலாகத் தாயிடம் செய்யச் சொல்லித் திருத்துவதற்குப் பயன்படுத்தக் கேட்டுக்கொண்டால், அதே அரைமணி நேரம் பல மடங்கு பயன் தரும். இந்த வேண்டுகோளை மறுக்கும் பயிற்சியாளர் குறைவு.

ஓசூரிலும் சேலத்திலும் உள்ள தனியார் தெரபி மையங்களைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்புக் கல்வியாளரும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. மூன்று மாதத்தில் என்ன மாற்றத்தை எதிர்பார்க்கிறோம் என்று எழுதித் தராத மையத்திலும், பயிற்சி அறைக்குள் பெற்றோரை விடாத மையத்திலும் பணம் கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஸ்டெம் செல் ஊசி, அழுத்த அறையில் ஆக்சிஜன் என்று இலட்சக்கணக்கில் கேட்பவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டெம் செல்லைப் பொறுத்தவரை, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே மூளை முடக்குவாதத்துக்கு அதை விற்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் ஏற்கவில்லை. காடும் நகையும் விற்றுக் கட்டிய பணம் அந்தக் குழந்தைக்குப் பத்தாண்டுப் பயிற்சிக்கு ஆகியிருக்கும்.

இனி வீடு. வீட்டுப் பயிற்சியை மற்றவை கிடைக்காதபோது செய்யும் மாற்று ஏற்பாடாகவே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். மூளை ஓர் அசைவைக் கற்பது, குழந்தை தானே முயன்று, தனக்குப் பொருள்படும் ஒன்றுக்காக, ஒரு நாளில் பலமுறை திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான். பிறர் கையால் காலை நீட்டி மடக்குவதாலோ, எண்ணெய் தேய்த்து நீவுவதாலோ மட்டும் அந்தக் கற்றல் நடப்பதில்லை. (எண்ணெய்க் குளியல் குழந்தைக்கு இதமானது, செய்யலாம், அதையே பயிற்சியாகக் கணக்கிடக் கூடாது.) வாரம் ஒருமுறை மையத்தில் நடக்கும் பயிற்சியை, வீட்டில் நாள்தோறும் நடக்கும் சோறூட்டலும் குளிப்பாட்டலும் விளையாட்டும் எளிதில் மிஞ்சிவிடும், அவை சரியான முறையில் நடந்தால்.

சரியான முறை என்பது பெரிய கருவிகளைக் கேட்பதில்லை. படுக்கவைத்துப் பாலோ கஞ்சியோ ஊற்றும் பழக்கத்தை நிறுத்துவது முதல் வேலை. இருமலும் புரையேறலும் அடிக்கடி இருந்தால் உணவு நுரையீரலுக்குள் போகிறதோ என்று ஐயப்பட வேண்டும். நெஞ்சுச் சளி திரும்பத் திரும்ப வருவதற்கு அது முக்கியமான காரணம். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல் சற்று முன்னோக்கி இருக்கும்படி பிடித்து, களியையோ குழைந்த சோற்றையோ கெட்டியாக, சிறிது சிறிதாக, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். கேழ்வரகுக் களி இதற்கு ஏற்ற பதத்தில் இருப்பது நம் பகுதிக்கு ஒரு வசதி. உட்காருவதற்கு, முதுகையும் இரு பக்கங்களையும் தாங்கும் மூலை நாற்காலியை உள்ளூர்த் தச்சரே செய்துவிடுவார். அளவை மட்டும் பயிற்சியாளர் எழுதித் தரவேண்டும். கால்கள் பின்னிக்கொள்ளும் குழந்தையைக் கைக்குழந்தைபோல் இரு கைகளிலும் கிடத்தித் தூக்குவதைவிட, இடுப்பில் கால்களை விரித்துவைத்துத் தூக்குவது அந்தத் தசைகளுக்கும் பயிற்சி, சுற்றிலும் நடப்பதைக் குழந்தை நிமிர்ந்து பார்க்கவும் வழி. பயன்படுத்தாத கையின் பக்கம் விளையாட்டுச் சாமானை வைப்பது, திண்ணையைப் பிடித்து நிற்கவைத்து ஆட்டுக்குட்டியைக் காட்டுவது, 'வேணுமா, வேண்டாமா' என்று கேட்டுப் பதில் கண்ணாலோ கையாலோ வரும்வரை பொறுத்திருப்பது என எல்லாமே பயிற்சிதான்.

வீட்டுத் தேர்வின் குறைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மேற்பார்வை இல்லாவிட்டால் தவறான முறை பழக்கமாகிவிடும். இடுப்பு மூட்டு விலகுவது வெளியே தெரியாது, தொடக்கத்தில் வலிக்கவும் செய்யாது. நடக்க முடியாத குழந்தைகளுக்கு இந்த ஆபத்து மிகுதி என்பதால் இரண்டு வயதுக்குள் ஒருமுறையும், பிறகு மருத்துவர் குறிக்கும் இடைவெளியிலும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். இவற்றைவிடப் பெரிய குறை, முழுச் சுமையும் தாயின் தலையில் விழுவது. தூக்கித் தூக்கி இடுப்பு வலி கண்ட தாய், "உன் வயித்துல பிறந்ததுதானே" என்ற சொல்லையும் சேர்த்துச் சுமக்கும் வீட்டில் எந்தப் பயிற்சியும் நிலைக்காது. தந்தை, பாட்டி, அத்தை ஆகிய ஒவ்வொருவரும் நாளில் ஒரு வேலையையாவது தமதென்று ஏற்காத குடும்பம் வீட்டுப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்ல முடியாது. தாயைத் தனியே விட்டுவிட்டது என்றே சொல்லவேண்டும்.

மேற்பார்வைக்கு வழிகள் உண்டு. பள்ளிக்கு வர இயலாத மாற்றுத்திறன் குழந்தைகளின் வீட்டுக்குச் சிறப்பு ஆசிரியர் வருவதும், வட்டார வள மையங்களில் இயன்முறைப் பயிற்சி அளிப்பதும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பணிகள். வீடு தேடி வரும் சேவைகளில் இயன்முறை சிகிச்சையையும் சேர்த்துக்கொண்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். கிராம சுகாதார செவிலியரிடம் குழந்தையின் பெயரைச் சொல்லி, இந்த இரண்டு வழிகளில் எது தம் ஊருக்கு வருகிறது என்று கேட்டறிவது முதல் வாரத்திலேயே முடிக்க வேண்டிய வேலை.

இரண்டு குடும்பங்களை எண்ணிப் பார்ப்போம். ஓசூரில் ஆலை வேலையில் இருக்கும் தந்தை, ஒரு கையும் காலும் மட்டும் பாதிக்கப்பட்ட ஒன்றரை வயதுக் குழந்தை, பாட்டி உடன் இருக்கும் வீடு. இவர்களுக்குப் பெங்களூரில் கண்டறிதலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனையும், வாரம் இருமுறை உள்ளூர் மையமும், நாள்தோறும் வீடும் பொருந்தும். சித்தேரி மலைக் கிராமத்தில் கூலி வேலை செய்யும் பெற்றோர், தலையும் நிற்காத, வலிப்பும் உள்ள மூன்று வயதுக் குழந்தை. இவர்களை மாதந்தோறும் எங்கும் அலையச் சொல்வது கொடுமை. வலிப்பு மருந்தைத் தருமபுரியில் ஒழுங்குபடுத்தி, ஒருமுறை தாயும் குழந்தையும் சில நாட்கள் மருத்துவமனையில் தங்கி ஊட்டும் முறையையும் தூக்கும் முறையையும் கற்று, பிறகு வீட்டுக்கு வரும் சிறப்பு ஆசிரியரைக் கொண்டு தொடர்வதே நடைமுறைக்கு ஒத்தது. இக்குழந்தைக்கு நடை இலக்காக இருக்க முடியாது. வலியின்றி உட்கார்வது, புரையேறாமல் உண்பது, வலிப்பு குறைவது, அம்மாவைக் கண்டு சிரிப்பது என்ற இலக்குகளே போதுமானவை, அவை எட்டக்கூடியவையும்கூட. வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கையில் சாவியைக் கொடுக்காமல், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108க்கு அழைக்க வேண்டும் என்பதை அந்த வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

விடுதியுடன் கூடிய சிறப்பு இல்லத்தில் சேர்ப்பதைப் பற்றிச் சில குடும்பங்கள் மிக முன்னதாகவே யோசிக்கின்றன. ஆறு வயதுக்குள் அது வேண்டாம் என்பது என் எண்ணம். கற்கும் காலத்தில் குழந்தைக்கு முதலில் வேண்டியது தன்னை அறிந்த முகம். பார்த்துக்கொள்ள ஆளே இல்லாத வீடுகளுக்கும் பகல்நேர மையத்தைத் தேடிப் பார்த்த பிறகே இது வரவேண்டும். ஆறு வயதுக்குப் பின் நிலை வேறு. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ள 6 முதல் 18 வயதுவரையிலான குழந்தைக்கு அருகமைப் பள்ளியிலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அளிக்கிறது. கடுமையான பாதிப்பு உள்ளவர்கள் வீட்டிலிருந்தே கற்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது.

பணக் கணக்கில் விட்டுவிடக் கூடாதவை மூன்று. கடுமையான பாதிப்புக்குத் தமிழக அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய்வரை, வெளிநோயாளிப் பயிற்சிச் செலவையும் சேர்த்து ஏற்கிறது. தனியார் மையத்துக்குப் போகும் குடும்பத்துக்கு இது கணக்கையே மாற்றக்கூடியது. துணையின்றிப் பயணிக்க முடியாத குழந்தைக்கும் உடன் செல்பவருக்கும் ரயிலில் இரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு கட்டணச் சலுகை உண்டு.

ஒருமுறை செய்த தேர்வை அப்படியே வைத்திருக்கவும் கூடாது. புதிதாக வலிப்பு தொடங்கினாலும், உடை மாற்றும்போது கால்களை விரிப்பது கடினமாகிக்கொண்டே போனாலும், காரணம் தெரியாமல் இரவில் அழுதாலும், பெரிய மருத்துவமனைக்கு மறுபடியும் போகவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். விறைப்பைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியையோ தசைநார் அறுவையையோ அங்கே பரிந்துரைத்தால், நாளைக் குறிக்கும் முன்பே ஊரில் பயிற்சிக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும். அந்த ஊசியின் பயன் மூன்று நான்கு மாதங்களே நிற்கும். அதற்குள் வீட்டிலும் மையத்திலும் பயிற்சி நடக்காவிட்டால் தளர்ந்த தசை பழையபடியே இறுகிவிடும்.